ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவே

பேஸ் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அலையும் தம்பிகளே, தங்கச்சிகளே,

போன மாதம் ஈப்போவில் நீங்கள் பயிற்சி செய்கிற அறைக்கு என்னைக் கூட்டிப் போனீர்கள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, குளிர்சாதனம் போட்டு, நன்றாகத்தான் வைத்திருக்கிறீர்கள். நாங்கள் பயிற்சி செய்த இடம் எங்கள் கித்தார்காரன் சேகர் வேலை பார்த்த மோட்டார் பட்டறை. தரையில் இருந்த கறுப்பு எண்ணெயில் என் செருப்பு ஒட்டிக்கொள்ளும். கால் மாற்றி நிற்க முடியாது. நான் மேடையில் அசையாமல் நிற்கிறேன், அது என் கம்பீரம் என்று சிலர் சொல்வார்கள். கம்பீரமெல்லாம் இல்லை, பட்டறைப் பழக்கம்.

அன்றைக்குக் கண்ணாடி போட்ட ஒரு தங்கச்சி என்னிடம் கேட்டாள். "அங்கள், ஒங்க குழு பாட்டுல எல்லாம் மொதல்ல குரலும் பேஸும் டிரம்ஸும் மட்டுந்தான் வருது. கித்தார் ரொம்ப லேட்டாத்தான் வருது. யாரு கண்டுபுடிச்ச ஸ்டைல் அது?"

"அது ஒரு நிச்சயதார்த்தத்துல வந்திச்சிம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பாதியில் விட்ட பேச்சு எனக்கு வயிற்றில் நிற்கும். அதனால் இப்போது முழுசாகச் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். சிம்பாங் பூலாயில் கல் லாரி ஓட்டியவன் நான். மலையிலிருந்து இறங்கும் கல் லாரி எந்தக் காலத்தில் நேராக வந்திருக்கிறது?

முதலில், நான் எப்படி இந்த வாத்தியத்துக்கு வந்தேன் என்பது. உங்களில் பாதிப் பேரைப் போலத்தான். கித்தார் சேகரிடம் இருந்தது. பாடுவதும் அவனே. டிரம்ஸ் லிங்கத்திடம் இருந்தது. மிச்சம் இருந்தது பேஸ். சேகர் என்னைப் பார்த்தான். "மச்சான், ஒன் கை பெருசா இருக்கு. நீ பேஸ் எடு" என்றான். அதுதான் தேர்வு, அதுதான் முடிவு. நான் பள்ளிக்கூடத்தில் அதிக நாள் உட்கார்ந்தவன் இல்லை. வாழ்க்கையில் ஒரு தேர்வில் பாஸானேன் என்றால் அது இதுதான்.

ரொம்ப நாளைக்கு என் வேலை என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. சேகர் வாசித்தால் பெண்கள் பார்ப்பார்கள். லிங்கம் அடித்தால் சின்னப் பிள்ளைகள் பார்ப்பார்கள். என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு தடவை விருந்து முடிந்ததும் ஒரு அம்மா என்னிடம் வந்து, "தம்பி, நீங்கதான் லைட்டு போடுறவரா?" என்று கேட்டார். நானும் ஆமாம் என்று சொல்லி, போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.

என் வேலை என்ன என்பது ஆயர் தாவாரில் ஒரு கல்யாண விருந்தில்தான் தெரிந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளையின் சேக்காளிகள் எல்லோரும் எழுந்து ஆடுகிறார்கள். அப்போது என் பேஸ் கித்தாரின் தோள்வார் பட்டென்று கழன்றது. வாத்தியம் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு, குனிந்து வாரை மாட்டினேன். அவ்வளவு நேரமும் சேகர் வாசித்துக்கொண்டுதான் இருந்தான். லிங்கம் அடித்துக்கொண்டுதான் இருந்தான். நான் நிமிர்ந்து பார்த்தால், ஆடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். ஒருவனை ஒருவன் பார்க்கிறான். என்ன குறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் படி இல்லாமல் போகுமே, அந்த முகம்.

எங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவர் ஒரு சீனர். தோட்டத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். வயதான சீனரை அப்பேக் என்றுதானே இங்கே எல்லோரும் கூப்பிடுகிறோம். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம், கடைசிவரை பெயர் கேட்கவில்லை. அவர் மிக்சர் மேசையில் உட்கார்ந்து பன்றி எண்ணெய் பிஸ்கட் கடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்திருந்தார். சாமான் ஏற்றும்போது என்னிடம் சொன்னார்:

"பாத்தியா தம்பி? ஒன்னோடது காதால கேக்குற சாமான் இல்லலா. கால்ல மிதிக்கிற சாமான். நீ எடுத்துட்டா அவனுங்க எங்க நிப்பான்?"

அன்றைக்குப் பிறகு யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று நான் பார்ப்பதில்லை. யார் என்மேல் நிற்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன்.

சரி, இப்போது லிங்கம். அவனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

லிங்கம் சின்ன வயதில் கோயிலில் உறுமி அடித்தவன். பிறகுதான் டிரம்ஸுக்கு வந்தான். அதனால் மற்ற டிரம்மர்கள் குச்சியால் அடிப்பதை அவன் சில நேரம் விரலால் தேய்ப்பான், கையால் அமுக்குவான். வாய் பேச மாட்டான். ஒரு நாளைக்கு அவன் பேசுவது மொத்தமும் "சரி", "ஆமா", "சாப்புட்டியா" இவ்வளவுதான். ஆனால் நான் ஒரு சுரத்தை எடுக்கப் போகிறேன் என்று என் விரலுக்குத் தெரியும் முன்னால் அவன் காலுக்குத் தெரிந்துவிடும். டிரம்ஸும் பேஸும் அப்படிச் சேர வேண்டும். கல்யாணம் மாதிரி என்று சொல்வார்கள். எனக்குக் கல்யாணமும் ஆகியிருக்கிறது. இது அதைவிடச் சுலபம், சண்டை வராது.

அந்த லிங்கத்துக்குச் சித்தியவானில் பெண் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அவனும் கலாவும் அதற்கு வெகு முன்னாலேயே பார்த்துக்கொண்டுவிட்டார்கள். கலா அங்கே ஒரு கிளினிக்கில் தாதி. அவள் அப்பா கோவிந்தசாமி மாமா செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர், வெள்ளிக்கிழமை கோயில் பஜனைக்குத் தலைவர். குரல் என்றால் குரல். மைக் இல்லாமலே ரோட்டில் போகிற மோட்டார் சைக்கிளை நிறுத்தும்.

பேச்சுவார்த்தைக்கு நானும் சேகரும் லிங்கத்தின் வீட்டாரோடு போயிருந்தோம். பலகாரம் சாப்பிட்டோம். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. மாமா தொண்டையைக் கனைத்தார்.

"பையன் நல்ல பையன். பேக்டரி வேல. கெட்ட பழக்கம் இல்ல. எல்லாம் சரி. ஆனா ஒன்னு. அந்த டிரம்ஸு. நிச்சயத்தோட நிப்பாட்டிரணும்."

சேகரின் வாயில் பாதி முறுக்கு நின்றுவிட்டது.

"ஏன் மாமா?" என்று நான்தான் கேட்டேன்.

"போன திருவிழாவுல ஒங்க குழு லாரியில நின்னு வாசிச்சிங்க. நாங்க இந்தப் பக்கம் பஜன பாடுறோம். சாமி பேரு கேக்கல தம்பி. என் குரலே எனக்குக் கேக்கல. சத்தந்தான் கேட்டிச்சி. அந்தச் சத்தத்த வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்க எனக்கு இஷ்டமில்ல."

அது உண்மைதான். அந்தத் திருவிழாவில் சேகர் புதிதாக வாங்கிய கித்தார் ஆம்ப்பை முழுச் சத்தத்தில் சோதித்துப் பார்த்தான்.

"அப்பா, நீங்க அவங்க பாட்ட கேக்கவே இல்ல" என்று உள்ளே இருந்து கலா குரல் கொடுத்தாள்.

"கேக்க விட்டாத்தானே?" என்றார் மாமா.

எல்லோரும் லிங்கத்தைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்தான். "சரிங்க மாமா" என்றான்.

ஈப்போவுக்குத் திரும்பும் வழி முழுக்கச் சேகர் கத்திக்கொண்டே வந்தான். "ஒனக்கு வாயே இல்லையாடா? சரிங்க மாமாவா? நாளைக்கு மூச்ச நிப்பாட்டுன்னா அதுக்கும் சரிங்க மாமாவா?"

லிங்கம் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசினான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "கலாவா டிரம்ஸான்னு கேட்டா நான் என்னாடா சொல்றது? நிச்சயத்தன்னைக்கு வாசிக்கலாம்னு சொல்லிட்டாரு. அதான் கடைசி. நீங்க வேற ஆள் பாத்துக்கிங்க."

வேற ஆள். லாரிக்காரன், ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். ஆனால் என் கால் இருக்கிற இடத்தில் யாரோ பலகையை உருவியது மாதிரி இருந்தது. அப்பேக் சொன்னாரே, நான் எடுத்துவிட்டால் அவர்கள் எங்கே நிற்பார்கள் என்று. நான் எங்கே நிற்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் லிங்கத்தின் மேல் நிற்கிறேன்.

நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கலா எனக்கு போன் செய்தாள்.

"அண்ணே, விருந்துல அப்பாவ எப்பிடியாவது மேடையில ஏத்திருவேன். சொந்தக்காரங்க கேட்டா அவரால பாடாம இருக்க முடியாது. நீங்க கூட வாசிக்கணும். ஒன்னே ஒன்னுதான் கேக்குறேன். அவர அமுக்கிராதீங்க. அவருக்கு அவரு குரல் கேக்கணும். கேட்டுட்டா மிச்சத்த நான் பாத்துக்குவேன்."

"ஒத்திகைக்கு வருவாராம்மா?"

"நீங்க வேறண்ணே. பஜனைக்கு ஒத்திகையான்னு கேப்பாரு."

அதனால் அந்த வெள்ளிக்கிழமை நானும் சேகரும் கோயிலுக்குப் போய்ப் பின்னால் உட்கார்ந்து கேட்டோம். மாமா ஆர்மோனியத்தோடு ஒரு கட்டையில் பாடினார். கட்டை என்றால் பாடுகிறவர் நிற்கிற சுருதி, உங்களுக்குத் தெரியும். ஆர்மோனியத்தில் முதல் வெள்ளைக் கட்டை. சேகர் சந்தோஷமாகிவிட்டான். "ஒரு கட்ட மச்சான். சுலபம்லா." அன்று அவர் பாடிய முருகன் பாட்டுக்குச் சேகர் பட்டறையில் உட்கார்ந்து கித்தாரில் என்னென்னவோ ஜோடித்தான். முன்னிசை, நடுவிசை, கடைசியில் தனியாக ஒரு ஓட்டம். லிங்கம் மட்டும் டிரம்ஸ் தோலைத் துடைத்துக்கொண்டிருந்தான். விற்கப் போகிற மாட்டைக் குளிப்பாட்டுகிற மாதிரி.

நிச்சயம் சித்தியவானில் ஒரு பொது மண்டபத்தில். பகல் விருந்து. தட்டு மாற்றி, மோதிரம் போட்டு, சாப்பாடு பரிமாற ஆரம்பித்தார்கள். நாங்கள் இரண்டு மூன்று பாட்டு வாசித்தோம். மாமா முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேகர் பயந்துபோய் மெதுவாகத்தான் வாசித்தான். சேகர் மெதுவாக வாசித்தால் இஞ்சின் சூடாகாத லாரி மாதிரி, எல்லா இடத்திலும் நின்று நின்று போகும்.

அப்போது கலா சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நேராக மைக்குக்கு வந்தாள். மணப்பெண் மேடைக்கு ஓடி வந்ததைப் பார்த்து அத்தைமார்கள் வாயைப் பொத்தினார்கள். "இப்ப எங்கப்பா பாடுவாரு" என்றாள். அவ்வளவுதான். மண்டபம் முழுக்கக் கைதட்டல். "பாடுங்க மாமா", "தலைவரே வாங்க" என்று பஜனைக்காரர்கள் ஒரு பக்கம். மாமா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டார். மேடை ஏறிவிட்டார்.

சேகர் பணிவாக, "மாமா, ஒரு கட்ட சுருதி கொடுக்கிறேன், கேட்டுக்கிங்க" என்றான்.

"தம்பி, நீ பொறக்குறதுக்கு முன்னாலேருந்து பாடுறேன். எனக்குச் சுருதி எங்க இருக்குன்னு தெரியும்."

லிங்கம் குச்சியைத் தூக்கிக்கொண்டு பார்க்கிறான், எண்ணி ஆரம்பிக்கலாம் என்று. நாங்கள் ராக் குழு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று குச்சியைத் தட்டினால்தான் எங்களுக்குப் பாட்டு தொடங்கும். மாமா கண்ணை மூடினார். எண்ணிக்கையும் இல்லை, தாளமும் இல்லை. விருத்தம் பாட ஆரம்பித்துவிட்டார்.

பஜனையில் முதலில் விருத்தம்தான், அது கோயிலில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை கேட்டோமே, காதிலும் விழுந்ததே. ஆனால் பட்டறைக்கு வந்ததும் நானும் சேகரும் மறந்துவிட்டோம். எங்களுக்கு அது பாட்டுக்கு முன்னால் நடக்கிற ஏதோ ஒன்றாகத்தான் தோன்றியிருக்கிறது. தாளம் வந்தால்தான் பாட்டு என்று நினைக்கிற ஆட்கள்தான் இப்படி மறப்பார்கள்.

சேகர் பாட்டு தொடங்கிவிட்டது என்று நினைத்து ஒரு கட்டையில் கித்தாரை ஒரு இழுப்பு இழுத்தான்.

தம்பிகளே, அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. மாமா பாடியது ஒரு கட்டையில் இல்லை. ஆர்மோனியம் பக்கத்தில் இல்லை, மகள் நிச்சயம் என்கிற சந்தோஷம் வேறு, குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. சரி, ஒன்றரைக் கட்டைக்கு, அதாவது அடுத்த கறுப்புக் கட்டைக்குப் போயிருந்தால் நாங்களும் கித்தார் கழுத்தில் ஒரு கட்டம், ஒரு ஃப்ரெட், தள்ளிப் போயிருப்போம். அவர் அங்கேயும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றார். கித்தார் கழுத்தில் அந்த இடத்துக்கு ஃப்ரெட்டே கிடையாது.

மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்து சேகரைப் பார்த்தார். திருவிழா லாரியைப் பார்த்த அதே பார்வை. மறுபடி மூடிக்கொண்டு பாடினார்.

சேகர் என் பக்கம் சாய்ந்தான். முகத்தில் வேர்வை. "மச்சான், சுருதி தப்பு. நிறுத்திட்டுத் திருப்பி ஆரம்பிக்கச் சொல்லுவோமா?"

"நிறுத்துனா இனிமே லிங்கத்துக்குக் குச்சி இல்லடா."

"அப்ப என்னா செய்ய? சத்தமா வாசிச்சா அவரே எறங்கி வந்துருவாரு."

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கையில் வாத்தியம் இருந்தால் எல்லோருக்கும் முதலில் வருகிற யோசனை அதுதான், இன்னும் சத்தமாக வாசிப்பது. சேகர் கெட்டவன் இல்லை. நானும் ஒரு நொடி அதைத்தான் நினைத்தேன். ஆனால் கலா சொன்னது காதில் இருந்தது. அவரை அமுக்காதீர்கள்.

அதனால் நான் ஒன்றும் வாசிக்கவில்லை. கேட்டேன். மாமா ஒரு வரியை எங்கெங்கோ சுற்றிக் கொண்டுபோய், கடைசியில் கீழே வந்து நின்றார். அடுத்த வரியை இன்னும் உயரம் கொண்டுபோனார், கீழே வந்து நின்றார். அதே இடம். மூன்றாவது வரியிலும் அதே இடம், ஆணி அடித்த மாதிரி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனிதர் தப்பாகப் பாடவில்லை. அவர் இடத்தில் அவர் உறுதியாக நிற்கிறார். அந்த இடத்தில் எங்களுக்குத்தான் தரை இல்லை. தரை போடுவது யார் வேலை?

மேடைக்குப் பக்கத்தில் இருந்த அப்பேக்கைப் பார்த்தேன். சேகரின் ஆம்ப்பைக் காட்டி, உள்ளங்கையைக் கீழே அமுக்கினேன். அவர் பிஸ்கட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தார். நேராகச் சேகரின் ஆம்ப்புக்குப் போய்ச் சத்தத்தை முழுக்க இறக்கிவிட்டார்.

"அப்பேக், என்னா இது?" என்று சேகர் பல்லைக் கடித்தான்.

"பெரியவரு மொதல்ல சாப்புடட்டும்லா. நீ அப்பறம் மக்கான்" என்று பாதி மலாயில் சொல்லிவிட்டு, அவர் போய் மறுபடி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

நான் என் சத்தத்தையும் இறக்கிக்கொண்டு, கித்தார் உடம்பின் மேல்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பைத் தாடை எலும்பில் அழுத்தினேன். அப்படி வைத்தால் மண்டபத்தில் என்ன சத்தம் இருந்தாலும் கம்பி மண்டைக்குள் கேட்கும். தடித்த கம்பியின் திருகைக் கொஞ்சம் ஏற்றினேன். மாமா கீழே வந்து நிற்கும்போதெல்லாம் ஒத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம். போதும். பிறகு மற்ற கம்பிகள். முடிந்ததும் சத்தத்தை மறுபடி திறந்தேன். அவர் விருத்தத்தை இழுத்துப் பாடியது எனக்கு நல்லதாகப் போய்விட்டது. முருகன்தான் அவரை நிறுத்த விடவில்லை என்று என் வீட்டுக்காரி இன்றைக்கும் சொல்வாள்.

விருத்தத்தின் கடைசி வரி. அவர் மேலே போய்ச் சுற்றுகிறார், இறங்குகிறார், இதோ வந்து நிற்கப் போகிறார். அவர் காலை வைக்கிற அதே நொடியில் நான் அடியில் ஒரே ஒரு சுரத்தை வைத்தேன். நீளமாக. மெதுவாக.

மாமா கண்ணைத் திறந்தார். இரண்டு கண்ணையும். யார் அது என்று தேடுகிற மாதிரி சேகரைப் பார்த்தார், லிங்கத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தச் சுரத்தின் மேல் குரலை வைத்துப் பார்த்தார். முழு எடையையும் வைத்தார். தாங்கியது. வண்டி ஏற்றுகிறவன் பலகையை முதலில் ஒரு மிதி மிதித்துப் பார்ப்பானே, அப்படித்தான்.

அப்புறம் பாட்டை எடுத்தார்.

பஜனைக்காரர்கள் வரியை ஒரே அளவாகப் பாட மாட்டார்கள். சாமி பெயர் வருகிற இடத்தில் நீட்டுவார்கள், மூச்சு வாங்குகிற இடத்தில் நிற்பார்கள். எண்ணி வாசித்தால் மாட்டிக்கொள்வோம். நான் எண்ணுவதை விட்டேன். மாமாவின் இடது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்தது. நான் அந்தக் கையைப் பார்த்தேன். லிங்கம் என் விரலைப் பார்த்தான். அவன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, பெரிய டிரம்மைக் காலாலும் சின்னதை விரலாலும் வாசித்தான், உறுமிக்காரன் வேலை. அவர் நீட்டினால் நான் காத்திருந்தேன். நான் காத்திருந்தால் லிங்கம் காத்திருந்தான். சும்மா இருப்பது இல்லை அது. கல் ஏற்றிய லாரியை இறக்கத்தில் பிரேக்கில் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. அசையவில்லை என்றுதான் வெளியே தெரியும்.

சாப்பாட்டுப் பக்கம் தட்டுச் சத்தம் நின்றது. பஜனைக் கோஷ்டி அவர்களாகவே எதிர்வரி பாடினார்கள். மாமா பாடுவார், மண்டபம் திருப்பிப் பாடும். அவ்வளவு பேர் பாடியும் அவர் குரல் எல்லார் மேலேயும் தெளிவாகக் கேட்டது. அவருக்கே கேட்டது. அவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

அப்போது சேகர் என்ன செய்தான் தெரியுமா? கோபித்துக்கொண்டு இறங்கிப் போகவில்லை. அதற்காகவே அவனுக்கு நான் கோயில் கட்டலாம். மண்டபத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். அவன் கித்தாரின் கொம்பு சின்னது, தாடையில் வைத்தால் நிற்கவில்லை. பல்லால் கடித்துக்கொண்டான். கடித்தபடி, என் பேஸை வைத்து ஒவ்வொரு கம்பியாக ஏற்ற ஆரம்பித்தான். மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அத்தை, "ஏன்டி அந்தப் பையன் கித்தார கடிக்கிறான்? இன்னும் சாப்பாடு போடலையா?" என்று கேட்டது எனக்கே கேட்டது. யாரோ ஒரு பிள்ளை மேடை ஓரத்தில் ஒரு லட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது.

மூன்றாவது அடியில் அவன் திரும்பினான். அப்பேக்கைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அப்பேக் வந்து ஆம்ப்பைக் கொஞ்சமாகத் திறந்தார். சேகர் அவன் ஜோடித்து வைத்திருந்த எதையும் வாசிக்கவில்லை. முன்னிசை போச்சு, நடுவிசை போச்சு. மாமா மூச்சு வாங்கிய இடைவெளியில் ஒரே ஒரு கம்பியைத் தட்டினான். அது அப்படியே வந்து உட்கார்ந்தது. அவ்வளவு நேரம் அவன் இல்லாமல் இருந்ததால்தான் அந்த ஒரு தட்டு அப்படிக் கேட்டது. மண்டபத்தில் யாரோ "ஆகா" என்றார்கள்.

பஜனையில் கடைசியில் வேகம் எடுப்பார்கள். மாமா எடுத்தார். தொடையில் தட்டிய கை இரட்டிப்பானது, லிங்கம் குச்சியைத் தூக்கினான், நான் ஓட ஆரம்பித்தேன், சேகர் காலடியில் இருந்த பெடலை மிதித்தான். திருவிழாவில் கேட்ட அதே கரகர சத்தம்தான். ஆனால் இப்போது அது மாமாவின் குரலுக்கு அடியிலிருந்து வந்தது. மாமா கண்ணை மூடவில்லை. சேகரைப் பார்த்து, இன்னும் என்று கையைத் தூக்கினார்.

முடிந்தது. கைதட்டல், விசில், எல்லாம். மாமா மைக்கைச் சேகர் கையில் கொடுத்தார், மேடையிலிருந்து இறங்கினார், செருப்பைத் தேடிப் போட்டார், கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கலா அவள் இடத்திலிருந்து எங்களைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. அன்றைக்கு மாமா பேசியது பேசியதுதான் போலிருக்கிறது. லிங்கம் எழுந்து சிம்பல் தட்டின் திருகைக் கழற்ற ஆரம்பித்தான். அவன் எப்போதும் டிரம்ஸை அவசரமாகக் கழற்றுகிறவன், பசி பொறுக்க மாட்டான். அன்றைக்கு ஒவ்வொரு திருகையும் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். சேகர் லட்டைப் பாதியாக உடைத்து அவனிடம் நீட்டினான். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். நான் என் கித்தாரைப் பெட்டியில் வைக்கவில்லை. வைக்க மனம் வரவில்லை.

இரண்டாவது சிம்பலையும் கழற்றிவிட்டான். அப்போது பின்னால் அந்தக் குரல்.

"என்னா மாப்ள, அதுக்குள்ள கழட்டிட்டீங்க?"

மாமா ஒரு கையில் பாயசக் குவளையோடு நின்றார். "இன்னொன்னு பாடலாம்னுதானே தொண்டைய நனைச்சிக்கிட்டு வாரேன்."

லிங்கம் சிம்பலைக் கையில் பிடித்தபடி நின்றான். "இல்ல மாமா... நிச்சயத்தோட நிப்பாட்டணும்னு..."

"நான் சத்தத்த நிப்பாட்டச் சொன்னேன். பாட்டயா நிப்பாட்டச் சொன்னேன்?"

"டிரம்ஸுன்னுதான் சொன்னீங்க" என்று எங்கிருந்தோ கலா குரல் வந்தது.

"ஒனக்கு ஞாபகம் ஜாஸ்திலா. போ, போயி வந்தவங்கள கவனி." மாமா என் பக்கம் திரும்பி, என் பேஸின் நாலு கம்பியைக் காட்டினார். "தம்பி, நாலு கம்பி. வாங்க. நீங்க முன்னால நில்லுங்க."

லிங்கம் சிம்பலை மாட்டப் போனான். அவசரத்தில் திருகு பொருந்தவில்லை. நான் போய் சிம்பலைப் பிடித்துக்கொண்டேன், அவன் திருகினான். "சாப்புட்டியா?" என்று மட்டும் என்னிடம் கேட்டான்.

மாமா குவளையை ஆம்ப்பின் மேல் வைத்தார். கண்ணை மூடினார். சேகர் பணிவாக, "மாமா, சுருதி..." என்று ஆரம்பித்தான். அவர் கையை ஆட்டிவிட்டு விருத்தத்தை எடுத்துவிட்டார்.

பாயசம் உள்ளே போயிருந்தது, மனசு நிறைந்திருந்தது. குரல் முதலில் நின்ற இடத்தில் இல்லை. ஒன்றரைக் கட்டையையும் தாண்டி, இரண்டு கட்டைக்கு இந்தப் பக்கம் எங்கேயோ நின்றது. அங்கேயும் ஃப்ரெட் இல்லை.

சேகர் என்னைப் பார்த்தான். "மச்சான், மறுபடியும் கடிக்கணுமா?"

"கடி" என்றேன்.

அப்பேக் பிஸ்கட்டை வைத்துவிட்டு எழுந்தார். சேகர் மண்டபத்துக்கு முதுகைக் காட்டி வாயைத் திறந்தான். நான் தாடையைக் கொம்பில் வைத்து, திருகைப் பிடித்தேன்.